பெரியதா, சிறியதா? போலீஸ்காரரின் இடுப்புத் துப்பாக்கிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

சாலைத் தடுப்புச் சோதனையில் நிற்கும் சீருடைப் போலீஸ்காரரின் இடுப்பில் கைத்துப்பாக்கி இருப்பது தூரத்திலிருந்தே தெரியும். கறுப்பு உறை, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிடி. அதே நிலையத்தைச் சேர்ந்த குற்றப் புலனாய்வுக்காரரோ பாத்தேக் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, ஒட்டுக்கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருப்பார். அவரிடமும் துப்பாக்கி இருக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடே.

இந்த இருவரின் தேவைக்காகவே உலகின் பெரிய துப்பாக்கி நிறுவனங்கள் ஒரே ரகத்தை இரண்டு, மூன்று அளவுகளில் செய்கின்றன. பெரியது முழு அளவு. அதற்கு அடுத்தது 'காம்பேக்ட்' எனப்படும் கச்சித அளவு. அதற்கும் கீழே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குட்டி அளவும் உண்டு. இவற்றில் எது யாருக்கு என்று முடிவு செய்வது சாதாரண வேலைபோலத் தோன்றும். ஆனால் ராணுவங்களும் போலீஸ் படைகளும் இதற்காக ஆண்டுக்கணக்கில் சோதனை நடத்தியிருக்கின்றன.

பையன்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல. கணினி விளையாட்டில் கிளாக் என்ற பெயரைக் கேட்காத இளைஞர் அபூர்வம். ஆனால் விளையாட்டும் சினிமாவும் சொல்லிக்கொடுத்த ஒரு தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது: துப்பாக்கி பெரியதாக இருந்தால் சக்தி அதிகம், சிறியதாக இருந்தால் குறைவு என்பது. இங்கே பேசப்படும் பெரியதும் சிறியதும் ஒரே தோட்டாவைத்தான் சுடுகின்றன. வெளியே போகும் குண்டு ஒன்றுதான். வித்தியாசம் அதைப் பிடித்திருக்கும் கையிலும் சுமக்கும் உடம்பிலும் இருக்கிறது.

பாண்ட் படத்துத் துப்பாக்கியிலிருந்து

முதலில் அரைத் தானியங்கி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடலாம். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும். அந்த வெடிப்பின் உதைப்பிலேயே துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் ஓடி, வெறும் தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும். சுருள்வில் அதை மறுபடி முன்னால் தள்ளும்போது, பிடிக்குள் இருக்கும் மெகசினிலிருந்து அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். அடுத்த குண்டுக்கு விசையை மறுபடி இழுக்க வேண்டும். இயந்திரத் துப்பாக்கிபோல அழுத்திப் பிடித்தால் பொழிந்துகொண்டே இருக்காது.

இந்த வகையில் பெரியது, சிறியது என்று ஜோடியாகச் செய்யும் வழக்கம் புதிதல்ல. ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் 1929இல் பிபி என்ற கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தது. சீருடைப் போலீஸாருக்கானது அது. இரண்டே ஆண்டில், 1931இல், அதன் குழலையும் பிடியையும் குறைத்து பிபிகே என்ற சிறிய வடிவத்தை வெளியிட்டது. சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் துப்பறிவாளர்களுக்காக. ஜேம்ஸ் பாண்ட் படங்களில் நாயகன் கையில் வருவது இந்தச் சிறியதுதான். ஒற்றனுக்குப் பெரியதைக் கொடுத்தால் கோட்டு புடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்காவிலும் அதே கதை நடந்தது. கோல்ட் நிறுவனத்தின் 1911 ரகத் துப்பாக்கிக்கு 127 மி.மீ. குழல். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, அதிகாரிகளுக்கு இலேசான கைத்துப்பாக்கி வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் தேடியது. அந்தத் தேடலில் பிறந்தது, குழலை ஏறக்குறைய 108 மி.மீ. ஆகக் குறைத்த 'கமாண்டர்'.

பன்னிரண்டு மில்லிமீட்டர்

இன்று இந்த ஜோடியை விளக்க ஏற்ற உதாரணம் ஆஸ்திரியாவின் கிளாக் 17, கிளாக் 19 இரண்டும்தான். நிறுவனத்தைத் தொடங்கிய காஸ்டன் கிளாக் அதற்கு முன் துப்பாக்கி செய்தவரே அல்ல. திரைச்சீலைக் கம்பி, கத்தி போன்றவற்றைத் தயாரித்தவர். பிளாஸ்டிக் உடலுடன் அவர் செய்த கிளாக் 17ஐ ஆஸ்திரிய ராணுவம் 1980களின் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டது. அதன் கச்சித வடிவமான கிளாக் 19 வெளிவந்தது 1988இல்.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் இவ்வளவுதானா என்று தோன்றும். 17இன் குழல் 114 மி.மீ. 19இன் குழல் 102 மி.மீ. பன்னிரண்டு மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். உயரத்தில் சுமார் 11 மி.மீ. வித்தியாசம். தோட்டா நிரப்பிய நிலையில் எடையில் 50, 60 கிராம் குறைவு. பெரியதன் மெகசினில் 17 தோட்டாக்கள், சிறியதில் 15. இரண்டும் 9 மி.மீ. தோட்டாதான்.

குழல் குட்டையானால் குண்டின் வேகம் குறையும் என்பது உண்மை. ஆனால் வினாடிக்கு 350 மீட்டர் அளவில் பாயும் குண்டு, இந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டரால் இழப்பது சில மீட்டர்களைத்தான். போலீஸார் சுட நேரிடும் தூரத்தில் அது ஒரு பொருட்டே அல்ல.

குறிபார்ப்பதில் வரும் வித்தியாசம் இன்னும் சுவையானது. துப்பாக்கியின் முன்முனையில் ஒரு சிறு முனைப்பு, பின்னால் ஒரு பள்ளம். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துக் குறிபார்க்க வேண்டும். இவற்றுக்கு இடையிலுள்ள தூரம் கூடக் கூட, கண்ணுக்குத் தவறு சுலபமாகத் தெரியும். 17இல் இந்தத் தூரம் சுமார் 165 மி.மீ. 19இல் சுமார் 153 மி.மீ.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். முன்முனைப்பு ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால், 15 மீட்டர் தூரத்தில் பெரிய துப்பாக்கியின் குண்டு ஏறக்குறைய 91 மி.மீ. தள்ளிப் போகும். சிறியதன் குண்டு 98 மி.மீ. தள்ளிப் போகும். அதே ஒரு மில்லிமீட்டர் தவறுக்கு வித்தியாசம் ஏழே மில்லிமீட்டர். துப்பாக்கி சிறியதாக இருந்ததால் குறி தப்பியது என்று யாராவது சொன்னால், அவருடைய விரல் விசையை இழுத்த விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இப்போது பல படைகள் சிவப்புப் புள்ளி காட்டும் மின்னணுக் குறிகாட்டியைத் துப்பாக்கியின் மேல் பொருத்துகின்றன. அதில் முன், பின் என்று இரண்டு இல்லை. ஒரு புள்ளிதான். எனவே இந்த ஏழு மில்லிமீட்டர் கூட மறைந்துவிடுகிறது.

பின்னுதைப்பில் மட்டும் பெரியதுக்கு ஓரளவு நன்மை உண்டு. எடை கூடியது உதைப்பைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பிடி நீளமானதால் விரல்களுக்கு இடமும் தாராளம். துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெரியதையே விரும்புவதற்கு இதுதான் காரணம். அவர்கள் அதை நாள் முழுக்கச் சுமப்பதில்லை. பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், சுட்டுவிட்டு, பெட்டியில் வைத்துத் திரும்பிவிடுகிறார்கள்.

காட்டிக்கொடுப்பது குழல் அல்ல

சாதாரண உடையில் வேலை செய்பவருக்கு எது முக்கியம்? பலரும் குழலின் நீளத்தைச் சொல்வார்கள். உண்மை வேறு. குழல் கால்சட்டைக்குள் தொடையை ஒட்டிக் கீழ்நோக்கி இறங்கிவிடுகிறது. இரண்டு அங்குலம் கூடினாலும் வெளியே தெரியாது. காட்டிக்கொடுப்பது பிடிதான். அது இடுப்புப் பட்டைக்கு மேலே, உடம்புக்குக் குறுக்காக நீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தால் போதும், சட்டை இறுகி முதுகுப்பக்கம் ஒரு மூலை புடைக்கும். அந்த 11 மி.மீ. உயரக் குறைவுதான் கச்சிதத் துப்பாக்கியின் உண்மையான லாபம்.

நம் ஊர் வெயிலில் இது இன்னும் கடினம். குளிர்நாட்டுத் துப்பறிவாளர் கனத்த கோட்டுக்குள் எதையும் மறைத்துவிடலாம். கிள்ளானிலோ சிராங்கூன் சாலையிலோ மதியம் ஒரு மணிக்குக் கோட்டு போட்டு நடப்பவரைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். மெல்லிய பருத்திச் சட்டையும் வியர்வையும் சேர்ந்தால், உடம்போடு ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் காட்டிவிடும். முழு அளவுத் துப்பாக்கியோடு சாதாரண உடையில் இங்கே வேலை பார்ப்பது சிரமமான காரியம்.

மறைத்து வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. சட்டைக்கடியில் இருக்கும் உறைக்குள் துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது, சட்டை ஓரம் விசை வளையத்துக்குள் சிக்கிக்கொண்டால், உறையின் விளிம்பே விசையை அழுத்திவிடும். தன் தொடையிலேயே சுட்டுக்கொண்ட விபத்துகள் பல நாடுகளில் இப்படித்தான் நேர்ந்திருக்கின்றன. கிளாக் போன்ற துப்பாக்கிகளில் கட்டைவிரலால் தட்டிப் பூட்டும் பாதுகாப்பு நெம்புகோல் பொதுவாகக் கிடையாது. விசையின் நடுவில் இருக்கும் ஒரு சிறு தட்டும் உள்ளே இருக்கும் தடுப்புகளும்தான் பாதுகாப்பு. விசை அழுத்தப்பட்டால் சுட்டுவிடும், அழுத்தியது விரலா, சட்டைத் துணியா என்று அதற்குத் தெரியாது. சீருடைக்காரரின் உறை வெளியே, கண்ணெதிரில் இருக்கிறது. சாதாரண உடைக்காரரின் உறை மறைவில் இருக்கிறது. அதனால்தான் துப்பாக்கியை எடுக்கும் வேகத்தைவிடத் திரும்ப வைக்கும் நிதானத்தைப் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கியா?

எல்லாவற்றிலும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. கை சிறியவருக்கு, குறிப்பாகப் பெண் அதிகாரிக்கு, கச்சித அளவைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. படைகளுக்குள்ளேயே உண்டு.

கிளாக் 17ஐயும் 19ஐயும் கையில் பிடித்துப் பார்த்தால் தெரியும்: 19இன் பிடி குட்டை, ஆனால் மெலிந்ததல்ல. இரண்டு மெகசினிலும் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக மாறி மாறி அடுக்கப்படுகின்றன. அதனால் பிடியின் சுற்றளவு ஏறக்குறைய ஒன்றே. பிடியின் பின்பக்கத்திலிருந்து விசை வரை விரல் எட்ட வேண்டிய தூரமும் ஒன்றே. குறைந்தது பிடியின் உயரம் மட்டும். விரல் குட்டையானவருக்கு 17இல் விசை எட்டவில்லை என்றால் 19இலும் எட்டாது.

எட்டாதபோது என்ன நடக்கும்? அவர் தன்னை அறியாமலே துப்பாக்கியைக் கைக்குள் கொஞ்சம் திருப்பிப் பிடிப்பார். துப்பாக்கி மணிக்கட்டோடு நேர்கோட்டில் இருக்காது. உதைப்பு உள்ளங்கையின் சதையில் விழாமல் கட்டைவிரல் மூட்டில் விழும். விரல் நுனியால் மட்டும் விசையை இழுப்பதால் குண்டு ஒரு பக்கமாகத் தள்ளிப் போகும். பயிற்சித் திடலில் இலக்கு அட்டையில் எல்லாத் துளைகளும் ஒரே ஓரமாக விழுந்திருக்கும். "உனக்குத் துப்பாக்கி வராது" என்று சொல்லிவிடுவது சுலபம். பிழை கையில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. குட்டை மரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்குக் கம்பில் கட்டிய அரிவாள். கம்பின் நீளம் மரத்துக்கு ஏற்றதாக இல்லாவிட்டால், எவ்வளவு திறமையான அறுவடைக்காரருக்கும் குலை சரியாக விழாது.

இந்தக் குறையைத் தீர்க்க நிறுவனங்கள் வேறு வழி கண்டன. பிடியின் பின்பக்கத்தைத் தனித் துண்டாகச் செய்து, கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும்படி விட்டார்கள். மலேசியப் போலீஸாரிடம் பரவலாகக் காணப்படும் வால்தர் பி99 1990களின் பிற்பகுதியில் வந்தபோதே இந்த வசதியோடுதான் வந்தது. கிளாக் நிறுவனம் அதைப் பிற்பாடு தன் நான்காம் தலைமுறைத் துப்பாக்கிகளில் கொண்டுவந்தது. துண்டு எதுவும் மாட்டாவிட்டால் பிடி மிகச் சிறியது. ஒரு துண்டு மாட்டினால் 2 மி.மீ. கூடும், அடுத்ததை மாட்டினால் 4 மி.மீ. கூடும். இந்த இரண்டு மில்லிமீட்டர், குழலின் பன்னிரண்டு மில்லிமீட்டரைவிடப் பலருக்கு முக்கியமானது.

இன்னும் கீழே, 10 தோட்டாக்கள் மட்டும் கொள்ளும் கிளாக் 26 போன்ற குட்டி ரகங்களுக்குப் போனால் புதுத் தொல்லை வரும். சுண்டுவிரலுக்குப் பிடிமானம் இல்லை. அது அடியில் தொங்கும். சுருள்வில் குட்டையானதால் விறைப்பும் அதிகம். ஸ்லைடைப் பின்னால் இழுக்கவே கைவலிமை வேண்டும். சிறியது சுலபம் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

ஒரே ஒப்பந்தம், இரண்டு முடிவுகள்

பெரிய படைகள் செய்த தேர்வுகளைப் பார்த்தால், எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பது தெரிகிறது. பிரிட்டிஷ் ராணுவம் பழைய பிரவுனிங் துப்பாக்கிகளைக் கழித்துவிட்டு 2013இல் 25,000க்கும் மேற்பட்ட கிளாக் 17 வாங்கியது. மறைத்து வைக்க வேண்டிய பணிகளுக்குக் கிளாக் 19ஐயும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2016இல் கிளாக்குடன் ஒப்பந்தம் செய்தபோது முழு அளவு, கச்சித அளவு இரண்டையும் கேட்டு வாங்கியது. அதற்கு முன் அவர்கள் உதைப்பு அதிகமான .40 தோட்டாவைப் பயன்படுத்திவந்தார்கள். பெரும்பாலான அதிகாரிகள் 9 மி.மீ. துப்பாக்கியில் இன்னும் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பதே மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. பெரிய தோட்டா, பெரிய துப்பாக்கி என்று போன பாதையிலிருந்து திரும்பி வந்த கதை அது.

அமெரிக்க ராணுவத்தின் கதை இன்னும் விசித்திரம். 2017 ஜனவரியில் சிக் சாவர் நிறுவனத்துக்கு 580 மில்லியன் டாலர் வரையிலான ஒப்பந்தம் கிடைத்தது. துப்பாக்கி ஒரே ரகம்தான், இரண்டு அளவு: முழு அளவு எம்17, சிறியது எம்18. தரைப்படை பெரும்பாலும் பெரியதை எடுத்தது. கடற்படைக் காலாட்படையான மரீன் படையோ, அதுவரை தன்னிடம் இருந்த நான்கு ரகக் கைத்துப்பாக்கிகளுக்கும் பதிலாக எம்18 ஒன்றையே எடுத்துக்கொண்டது. ஒரே சோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு இரண்டு படைகள் இரண்டு விதமாக முடிவெடுத்தன.

அந்த எம்18இல் கவனிக்க ஒன்று உண்டு. குழலும் ஸ்லைடும்தான் குறுகின. பெரியதன் 17 தோட்டா மெகசினையே அதுவும் எடுத்துக்கொள்ளும். கிளாக் நிறுவனமும் அதே போட்டிக்கு அனுப்பிய துப்பாக்கியின் அடிப்படையில் 2018இல் 19எக்ஸ் என்று ஒன்றை விற்பனைக்கு விட்டது. 17இன் நீளப் பிடி, 19இன் குட்டைக் குழல். மறைத்து வைக்க வேண்டியவருக்கு இது பிரயோசனமில்லை, பிடிதானே காட்டிக்கொடுக்கும். ஆனால் சிப்பாய் எதையும் மறைக்கப்போவதில்லை. அவருக்குத் தொல்லை தருவது, வண்டி இருக்கையில் உட்காரும்போது கீழே இடிக்கும் குழல். ரோந்துக் காரில் எட்டு மணி நேரம் உட்காரும் போலீஸ்காரருக்கும் அதே தொல்லைதான். இடுப்பில் துப்பாக்கியோடு வானொலி, கைவிலங்கு, தடி, விளக்கு எல்லாம் தொங்கும்போது, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை முதுகு கொடுக்கிறது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்

சிங்கப்பூர்ப் போலீஸ் படையின் சீருடைக்காரர்கள் நெடுங்காலம் ஐந்து தோட்டா கொண்ட டாரஸ் ரிவால்வரைச் சுமந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அதன் இடத்துக்கு வந்திருப்பது கிளாக் 19இன் ஐந்தாம் தலைமுறை. சீருடைக்காரருக்கு மறைக்கத் தேவையில்லையே, முழு அளவைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் அந்தப் படையில் நிரந்தர அதிகாரிகள் மட்டும் இல்லை. தேசிய சேவையில் வரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களும் இருக்கிறார்கள். பெண்கள் இருக்கிறார்கள். எல்லா அளவுக் கைகளும் உடம்புகளும் ஒரே துப்பாக்கியில் பயிற்சி பெற வேண்டும் என்றால், நடுவில் இருக்கும் அளவே பொருத்தமானது. சிறு ரிவால்வரில் பழகிய கைக்கு இந்தக் 'கச்சிதம்' பெரியதாகவே தெரிந்திருக்கும்.

ஐந்திலிருந்து பதினைந்து தோட்டா என்பதும் சாதாரண மாற்றமல்ல. ரிவால்வரின் விசை கனமானது. இழுக்க வலு வேண்டும், அதுவே ஒரு பாதுகாப்பு. புதிய துப்பாக்கியின் விசை அதைவிட இலேசானது. சுட முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்ற விதி, பழையதில் நல்ல பழக்கம். புதியதில் அது கட்டாயம். வீட்டிலிருந்து தேசிய சேவைக்குப் போய் போலீஸ் பயிற்சியில் இருக்கும் பையன், முதல் வாரங்களில் வெறும் துப்பாக்கியோடு இந்த ஒன்றையே நூறு முறை செய்கிறான் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

மலேசியாவில் காணப்படும் வால்தர் பி99இன் குழல் 102 மி.மீ., கிளாக் 19இன் அளவேதான். 15 தோட்டா ரகத்தையும் சேர்த்துப் பார்த்தால், முழு அளவு என்ற பெயரில் வந்தாலும் அது கச்சித அளவுக்கு மிக நெருக்கம். பெயரைப் பார்த்து அளவை முடிவு செய்ய முடியாது. ஒரு நிறுவனத்தின் பெரியது இன்னொன்றின் சிறியது. வங்கிப் பணவண்டியோடு வரும் பாதுகாவலரிடம் பெரும்பாலும் 'பம்ப் கன்' இருக்கும். அது வேறு கதை.

இரு நாட்டிலும் எந்த அளவு என்ற தேர்வு படைகளுக்கும் உரிமம் பெற்ற வெகுசிலருக்கும் மட்டுமே உரியது. மலேசியாவில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி ஏழாண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் தொடர்பான கடுந்தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. சிங்கப்பூரில் ஐந்து முதல் பத்தாண்டு சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. எழுத்துகள் வரை கிளாக்கைப்போலவே செய்யப்பட்ட பொம்மை, காற்றுத் துப்பாக்கி போன்றவற்றை இணையத்தில் வாங்கித் தரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டால், அவற்றுக்கும் சட்டம் உண்டு என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. சாலையில் நிற்கும் போலீஸ்காரருக்கு அது நிஜமா, பொம்மையா என்று பார்க்க ஒரு வினாடிதான் இருக்கும்.

போலீஸ் வேலைக்கோ துணைப் போலீஸ் வேலைக்கோ போகும் பிள்ளைகளுக்குக் கையில் கிடைப்பது படை தேர்ந்தெடுத்த அளவுதான். மாற்றச் சொல்ல முடியாது. ஆனால் பொருத்தத்தைச் சரிபார்க்க முடியும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைப் பயிற்சியாளர் முன்னால் உறுதி செய்துகொண்டு, ஒரு கையில் பிடித்து நீட்ட வேண்டும். துப்பாக்கியும் முழங்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்போது, ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் நடுச்சதை விசையின் மேல் இயல்பாக விழ வேண்டும். நுனி மட்டும் தொட்டால் பிடி பெரியது. விரல் மடிந்து இரண்டாம் கணு வரை உள்ளே போனால் பிடி சிறியது. பிடியின் பின்னால் இருக்கும் துண்டை மாற்ற ஓர் ஊசியைத் தள்ளினால் போதும், ஓரிரு நிமிட வேலை. அந்தத் துண்டுகள் துப்பாக்கி வந்த பெட்டியிலேயே இருக்கும். பல இடங்களில் யாரும் கேட்காததால் ஆயுதக் கிடங்கின் அலமாரியில் பிரிக்காமலே கிடக்கும்.